கேட்க வந்தோரும் காண வந்தோரும்

ஓர் இசைக்குழுவின்மீது அன்பு வைத்தவருக்கு மூன்று ஆசைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவது இயல்பு. முதலில், பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். பின்னர், பாடுகிறவர்களை மேடையில் ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும். அதன்பின், மேடைக்குப் பின்புறம் சென்று அவர்களோடு இரண்டு சொல் பேச வேண்டும்; கையொப்பம் பெற வேண்டும்; அருகில் நின்று ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் ஒரே ஏணியின் மூன்று படிகளாகவே நாம் கருதி வருகிறோம். கேட்டவர் காண்கிறார், கண்டவர் சந்திக்கிறார், சந்தித்தவர் நிறைவடைகிறார் என்பது நமது கணக்கு. இக்கணக்குச் சரிதானா என்று சற்றே ஆராய்ந்து பார்ப்பது நலம்.

இவ்வாராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து பீட்டில்ஸ் குழு. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற அந்நால்வரின் பெயரை நம்மில் பலர் அறிவோம். என் தலைமுறையினர் பலரும் ஒலிநாடாக்களின் வழியாகவே அவர்களை அறிந்தோம். நாங்கள் பிறந்து வளர்வதற்குள் அக்குழு கலைந்துபோயிருந்தது. காண்பதும் சந்திப்பதும் எங்களுக்கு வாய்க்கவில்லை; கேட்பது ஒன்றே வாய்த்தது. நேரில் கண்டவர்களோ இலட்சக்கணக்கானோர். அவர்களுக்கு வாய்த்தது என்ன என்பதற்குச் சான்றுகள் நிறையவே கிடைக்கின்றன. ஆகையால் இக்கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான குழு இல்லை எனலாம்.

நிலவறையிலிருந்து விளையாட்டு அரங்கிற்கு

லிவர்பூலின் மேத்யூ தெருவில் ஒரு கிடங்கின் அடியில் அமைந்த நிலவறைதான் 'காவெர்ன்' என்னும் இசைமன்றம். தாழ்ந்த கல் வளைவுகள், காற்றுப் புகாத வெக்கை, சுவரில் வழியும் ஈரம் ஆகியவையே அதன் அலங்காரங்கள். 1961 பிப்ரவரி முதல் 1963 ஆகஸ்ட் வரை பீட்டில்ஸ் குழுவினர் அங்கே ஏறத்தாழ 290 முறை இசைத்தார்கள். நண்பகல் உணவு இடைவேளையில் அலுவலகங்களிலும் கடைகளிலும் பணிபுரிந்த இளைஞர்களும் இளம்பெண்களும் வந்து கேட்டுவிட்டுப் பணிக்குத் திரும்புவார்கள். மேடைக்கும் அவையினருக்கும் இடையே கை நீட்டும் தொலைவே இருந்தது. விரும்பிய பாட்டைக் கூவிக் கேட்கலாம். மேடையிலிருந்து கேலியாக மறுமொழி வரும். அங்கே கேட்பதும் காண்பதும் சந்திப்பதும் ஒரே செயலாக இருந்தன. பாடுவோர் அவையினரை முகம் பார்த்து அறிந்திருந்தனர். அவையினரின் மௌனமும் ஆரவாரமும் அவர்களுக்குப் பாடம் சொல்லின.

அடுத்து நிகழ்ந்ததைக் காலவரிசையில் சொல்வதே போதும். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றியபோது சுமார் 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தார்கள். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டு அரங்கில் 55,600 பேர் கூடினார்கள். நிகழ்ச்சி நீடித்தது அரைமணி நேரமே, பாடல்கள் 12. இசைக்கருவிகளுக்கென 100 வாட் ஒலிபெருக்கிகள் சிறப்பாகச் செய்விக்கப்பட்டிருந்தன. இன்று ஒரு சிறிய திருமண மண்டபத்துக்கே இவை போதா எனும்போது, அரை இலட்சம் பேருடைய கூச்சலின் நடுவே அவை என்ன செய்ய முடியும்? பாடுவோர் தம் குரலைத் தாமே கேட்பதற்கு மேடையில் வைக்கும் ஒலிபெருக்கிகள் அக்காலத்தில் வழக்கத்திற்கு வந்திருக்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் உடலசைவைப் பார்த்தே பாட்டு எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று ஊகித்து முரசை அடித்ததாக ரிங்கோ பின்னாளில் சொன்னார். இசைக்குழுவே ஒன்றையொன்று கேளாமல், கண்டு மட்டும் இசைத்தது என்பது எத்துணை வேடிக்கை! அவையினரின் நோய் மேடையையும் தொற்றிக்கொண்டது.

இதற்குக் காதால் கேட்கக்கூடிய சான்றும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹாலிவுட் போல் திறந்தவெளி அரங்கில் 1964இலும் 1965இலும் அவர்கள் இசைத்தது ஒலிப்பதிவு செய்யப்பட்டது. வெளியிடத் தகுதியற்றது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட அப்பதிவு, ஜார்ஜ் மார்ட்டினின் உழைப்பால் செப்பம் பெற்று 1977இல்தான் இசைத்தட்டாக வந்தது. 2016இல் மீண்டும் புதுக்கப்பட்டது. இத்தட்டைக் கேட்பவர் முதலில் உணர்வது இசையை அன்று. இடையறாத, உச்சமான, ஒரே சுருதியில் நீளும் ஓர் அலறலையே உணர்கிறார். பாட்டின் மென்மையான இடத்தில் அது தணிவதில்லை; எழுச்சியான இடத்தில் உயர்வதுமில்லை. பாடல் மாறினாலும் அது மாறுவதில்லை. குழுவில் ஒருவர் தலையை அசைத்தால் மட்டும் அது சட்டென்று பொங்குகிறது. அந்த அலறலுக்கு அடியில், கவனித்துக் கேட்டால், நான்கு இளைஞர்கள் மிக நேர்மையாக வேலை செய்துகொண்டிருப்பதும் கேட்கிறது. தாளம் தளரவில்லை; குரல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று விட்டு விலகவில்லை. யாரும் கேட்கப்போவதில்லை என்று அறிந்தும் சரியாகப் பாடினார்களே, அந்தக் கடமையுணர்வுதான் இத்தட்டின் உயர்ந்த பகுதி என்பது என் மதிப்பீடு. கலைச்சுவைக்காக இதைவிடச் சிறந்த தட்டுகள் அவர்களுடையவை பல உண்டு. கேளாத அவையின் முன்னே பாடுவோரின் நிலைமை என்ன என்பதை அறிய இதற்கு நிகரான ஆவணம் வேறில்லை.

முடிவுபெறாத ஒலிநாடா

1966 ஆகஸ்ட் 5 அன்று 'ரிவால்வர்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. நாடாவைத் துண்டுகளாக்கி வளையமாகச் சுழலவிட்டும், பின்னோக்கி ஓடவிட்டும், நரம்பிசைக் கருவிகளைச் சேர்த்தும் அவர்கள் அதில் புதிய ஒலியுலகம் ஒன்றைப் படைத்திருந்தார்கள். அதே மாதம் அமெரிக்கப் பயணம் தொடங்கியது. அப்பயணத்தில் 'ரிவால்வர்' தட்டிலிருந்து ஒரு பாடலைக்கூட அவர்கள் மேடையில் பாடவில்லை. பாட முடியாத அளவுக்கு அவை நுட்பமாக இருந்தன. பாடினாலும் கேட்கப்போகிறவர் எவர்? கலைஞர்களின் உள்ளம் ஓரிடத்திலும் மேடை வேறோரிடத்திலும் நின்றன.

ஆகஸ்ட் 29 அன்று சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் அரங்கில் 11 பாடல்கள் பாடினார்கள். கட்டணம் செலுத்திக் கேட்க வந்தோருக்காக அவர்கள் நடத்திய கடைசி நிகழ்ச்சி அதுவே. அவையோரில் பெரும்பாலோர்க்கு அது தெரியாது. மெக்கார்ட்னி தம் குழுவின் செய்தித்தொடர்பாளரிடம், இன்றைய நிகழ்ச்சியைப் பதிவு செய்துவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கையடக்க ஒலிப்பதிவுக் கருவியில் இருந்த நாடாவின் ஒரு பக்கம் 30 நிமிடம் ஓடக்கூடியது. இறுதிப் பாடல் நடந்துகொண்டிருக்கும்போதே நாடா தீர்ந்துவிட்டது. ஆகவே, உலகின் மிகப் புகழ்பெற்ற இசைக்குழுவுடைய கடைசி மேடைப் பயணத்தின் கடைசிப் பாடல் பாதியில் அறுந்த நிலையிலேயே நமக்குக் கிடைத்திருக்கிறது.

மேடையை விட்டவர்கள் பாட்டை விடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் இலண்டனின் அபி சாலை ஒலிப்பதிவுக் கூடத்தில் நுழைந்தார்கள். மாதக்கணக்கான உழைப்பில் உருவான 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' 1967இல் வெளிவந்தது. அத்தட்டு எவ்வாறு தொடங்குகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அரங்கில் மக்கள் கூடி மெதுவாகப் பேசும் ஒலி. கருவிகளைச் சுருதி சேர்க்கும் ஒலி. பின்னர் சிரிப்பு, கைதட்டல். அரங்கைத் துறந்து வந்தவர்கள், தங்களுக்கென ஓர் அரங்கையும் அவையையும் நாடாவிலேயே உண்டாக்கிக்கொண்டார்கள். அந்தக் கற்பனை அவை நல்ல அவை. உரிய இடத்தில் சிரிக்கிறது. உரிய இடத்தில் அடங்குகிறது. இதைத் தொழில்நுட்ப விளையாட்டு என்று விமர்சகர்கள் பாராட்டுவார்கள். எனக்கோ இதில் ஓர் ஏக்கம் தெரிகிறது. காவெர்ன் நிலவறையில் தம்மை உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்த முகங்களை அவர்கள் மறக்கவில்லை போலும்.

பூமாலையும் தீயும்

1966ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சியை நம்மைப் போன்ற வாசகர்கள் தவிர்த்துச் செல்ல இயலாது. அவ்வாண்டு மார்ச் 4 அன்று இலண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' இதழில் மௌரீன் கிளீவ் என்னும் செய்தியாளர் எழுதிய கட்டுரையில், கிறிஸ்தவம் தேய்ந்துவருவதாகவும், தங்கள் குழு இப்போது இயேசுவைவிடப் பெயர்பெற்றுவிட்டதாகவும் லெனன் சொன்னது இடம்பெற்றது. பிரிட்டனில் அதைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. கோடையில் ஓர் அமெரிக்க இளைஞர் இதழ் அச்சொற்களைப் பிரித்தெடுத்து வெளியிட்டதும் அந்நாட்டின் தென்மாநிலங்களில் புயல் எழுந்தது. வானொலி நிலையங்கள் அவர்களுடைய பாடல்களை விலக்கின. இசைத்தட்டுகளைக் குவித்துத் தீயிட்டார்கள். ஆகஸ்ட் 11 அன்று சிகாகோவில் செய்தியாளர்கள் முன்பு லெனன் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

அச்சொற்கள் நம் நெஞ்சை உறுத்துவது உண்மையே. எனினும், 2008 நவம்பரில் வத்திக்கானின் 'லொசெர்வாத்தோரே ரொமானோ' நாளிதழ் இதைப்பற்றி எழுதியபோது, எதிர்பாராத புகழால் திகைத்த ஓர் உழைக்கும் வகுப்பு இளைஞனின் வீறாப்பு என்ற அளவிலேயே அதைக் கண்டது; அவர்களுடைய இசையைப் பாராட்டவும் செய்தது. 42 ஆண்டுகள் கழித்து வந்த அந்த நிதானம் பாராட்டத்தக்கது. நான் இங்குச் சுட்ட விரும்புவது வேறொன்று. தீயில் எறிவதற்கு அந்த இசைத்தட்டுகள் எங்கிருந்து வந்தன? அவற்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த வீடுகளிலிருந்து வந்தன. நேற்று அலறிய கூட்டத்திலிருந்தே இன்று எரித்த கூட்டமும் புறப்பட்டது. இரண்டு கூட்டங்களும் ஒரே குறையை உடையவை: எதையும் முழுமையாகக் கேட்டதில்லை. பாட்டைக் கேளாமல் ஆராதிப்பவர், கட்டுரையைப் படிக்காமல் எரிக்கவும் தயங்கமாட்டார். கூட்டத்தின் அன்பை நம்பி வாழும் எவருக்கும், மேடை எதுவாயினும், இது எச்சரிக்கையாகும்.

சந்திப்பின் நான்கு வகைகள்

இனி மூன்றாம் ஆசைக்கு வருவோம். இசைஞரை நேரில் சந்திப்பதால் விளைவது என்ன? இக்குழுவின் வரலாற்றிலேயே நான்கு சந்திப்புகளை எடுத்துக்காட்டலாம்.

முதலாவது, அவர்களே இரசிகர்களாக நின்ற சந்திப்பு. இளமையில் எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களைக் கேட்டே லெனனும் மற்றவர்களும் இசைக்குள் வந்தார்கள். 1965 ஆகஸ்ட் 27 இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் எல்விஸின் இல்லத்தில் அவரைச் சந்தித்தார்கள். ஒலிப்பதிவுக்கோ நிழற்படத்துக்கோ இடமளிக்கப்படவில்லை. தொடக்கத்தில் பேச்சு எழாமல் அமர்ந்திருந்ததாக அங்கிருந்தோர் பின்னர் நினைவுகூர்ந்தனர். உலகமே சந்திக்கத் துடித்த நால்வர், தாம் சந்திக்கத் துடித்த ஒருவர் முன்பு வாயடைத்துப் போனார்கள். பல ஆண்டுகள் பாட்டின் வழியே நடந்த உரையாடலை ஓர் இரவின் பேச்சு எவ்வாறு ஈடுசெய்யும்?

இரண்டாவது, நினைக்கவும் நடுங்கவைப்பது. 1980 டிசம்பர் 8 அன்று மாலையில் நியூயார்க்கில் தம் இல்லமிருந்த டகோட்டா கட்டடத்தின் வாசலில் நின்ற ஓர் இளைஞனுக்கு, அவன் நீட்டிய புதிய இசைத்தட்டின் உறையில் லெனன் கையொப்பமிட்டுக் கொடுத்தார். சில மணி நேரத்துக்குப் பின், இரவில் வீடு திரும்பிய லெனனை அதே வாசலில் அதே மனிதன் சுட்டுக் கொன்றான். அப்போது லெனனுக்கு வயது 40. அக்கொலைஞனை அளவுகோலாகக் கொண்டு இரசிகர்கள் அனைவரையும் எடைபோடுவது அநீதியாகும். ஆயினும் ஓர் உண்மையை அந்த இசைத்தட்டு உறை நமக்குச் சொல்லாமல் சொல்கிறது. அருகில் நின்றதும் கையொப்பம் பெற்றதும் அன்புக்குச் சான்றாகா. அவன் கையில் இருந்த தட்டு அன்று மூன்று வாரமே ஆன புதுப் படைப்பு. அதில் லெனன் தம் மனைவியையும் சிறு மகனையும் குறித்து, ஒரு குடும்பத் தலைவரின் அமைதியோடு பாடியிருந்தார். அதைச் செவிமடுத்த ஒருவர் அந்த வாசலில் அப்படி நின்றிருக்க முடியுமா என்று நெஞ்சம் கேட்கிறது.

மூன்றாவது, கற்றலாக மலர்ந்த சந்திப்பு. 1966 ஜூனில் இலண்டனில் ஜார்ஜ் ஹாரிசன் பண்டிட் இரவிசங்கரைச் சந்தித்தார். கையொப்பம் கேட்கவில்லை, சித்தார் கற்பிக்கக் கேட்டார். கேண்டில்ஸ்டிக் பார்க் நிகழ்ச்சி முடிந்து சில வாரங்களுக்குள் பம்பாய்க்கு வந்து, தரையில் அமர்ந்து, அடிப்படைப் பயிற்சிகளிலிருந்து தொடங்கினார். அங்கும் கூட்டம் திரண்டதால் ஆசிரியரும் மாணவரும் காஷ்மீருக்குச் சென்று படகு இல்லத்தில் பாடத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டாண்டுகளுக்குப் பின், சித்தாரில் தாம் பெருங்கலைஞராக இயலாது என்று உணர்ந்து ஹாரிசன் கிதாருக்கே திரும்பினார். ஆனால் கற்றது வீணாகவில்லை. 1971 ஆகஸ்ட் 1 அன்று வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் இருவரும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியில், இரவிசங்கர் குழுவினர் சுருதி சேர்த்து முடித்ததும் அவை பலமாகக் கைதட்டியது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு விரும்பினீர்களானால் வாசிப்பதை இன்னும் விரும்புவீர்கள் என்று அவர் புன்முறுவலோடு சொன்னார். நகைப்புக்கிடமான அந்தக் கைதட்டலிலும் ஒரு நல்லெண்ணம் இருந்தது. அவை கேட்கத் தயாராக இருந்தது. அந்நட்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1997இல் ஹாரிசன் தயாரிப்பில் வெளிவந்த இரவிசங்கரின் மந்திர இசைத் தொகுப்பின் ஒரு பகுதி நம் சென்னையில் பதிவானது.

நான்காவது சந்திப்பே எனக்கு மிகவும் பிடித்தமானது. 1968 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. அபி சாலைக் கூடத்தின் வாசலில் வழக்கம்போல் சில பெண்கள் காத்திருந்தார்கள். உள்ளே 'அக்ராஸ் தி யூனிவர்ஸ்' பாடல் பதிவாகிக்கொண்டிருந்தது. உச்சத்தில் நிலைத்து நிற்கும் பெண்குரல் தேவைப்பட்டது. ஞாயிறன்று பாடகியரை எங்கே தேடுவது? மெக்கார்ட்னி வெளியே வந்து, உயர்ந்த சுரத்தைப் பிடித்து நிற்கக்கூடியவர் எவரேனும் உண்டா என்று கேட்டார். பிரேசில் நாட்டிலிருந்து வந்திருந்த 16 வயது லிஸ்ஸி பிராவோவும், இலண்டனைச் சேர்ந்த 17 வயது கேய்லின் பீஸும் உள்ளே சென்று பாடினார்கள். வாசலில் நாள்தோறும் நின்றவர்களுக்குப் பாட்டு மனத்தில் ஊறியிருந்தது. அழைப்பு வந்தபோது அதுவே கைகொடுத்தது. காண வந்தவர்கள் கேட்டும் வந்திருந்தார்கள் என்பதை அந்த ஒரு மாலை மெய்ப்பித்தது.

காணாமல் அறிந்த நட்பு

இவ்விடத்தில் நம் இலக்கியத்தின் பிசிராந்தையார் நினைவுக்கு வருகிறார். பாண்டிய நாட்டில் வாழ்ந்த அப்புலவர், சோழ நாட்டு மன்னன் கோப்பெருஞ்சோழனைக் காணாமலேயே உயிர் நண்பராக வாழ்ந்தார். மன்னன் வடக்கிருந்தபோது, தம் நண்பர் வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்று உறுதியோடு சொன்னான். அவ்வாறே புலவரும் வந்து சேர்ந்தார். நட்புக்கு அருகிருந்து பழகுதல் இன்றியமையாததன்று, உணர்வின் ஒருமையே போதும் என்று வள்ளுவர் கூறும் இடத்தில் உரையாசிரியர்கள் இவ்விருவரையே சான்று காட்டுவர். கேட்டறிந்த ஒன்றையே அடித்தளமாகக் கொண்டு இத்துணை பெரிய நட்பு எழ முடியும் என்பது நம் முன்னோர் அறிந்த செய்தி. இறுதியில் அவர்கள் சந்தித்ததும் நிகழ்ந்தது. ஆனால் அச்சந்திப்பு நட்பை உண்டாக்கவில்லை; முன்பே முழுமையாயிருந்த ஒன்றின் விளைவாக வந்தது.

ஆகவே, இசை நிகழ்ச்சிகளுக்குச் செல்லாதீர்கள், இசைஞரைச் சந்திக்காதீர்கள் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். காண்டலும் சந்தித்தலும் நல்லவையே. கேட்டலிலிருந்து அவை பிறக்க வேண்டும் என்பதே கருத்து. இன்றைய அரங்குகளில் ஒலிக்கருவிகள் மிக உயர்ந்துவிட்டன. பாடுவோருக்குத் தம் குரல் காதருகிலேயே கேட்கிறது. ஷே அரங்கின் குறை தொழில்நுட்பத்தால் தீர்ந்தது. அவையினர் குறையோ புதிய வடிவில் வந்துவிட்டது. பாட்டு தொடங்கியவுடன் ஆயிரம் கைகள் கைப்பேசியை உயர்த்துகின்றன. கண்ணெதிரே நிற்பவரை உள்ளங்கை அகலத் திரையில் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்தபின் அதை ஒருமுறைகூட முழுமையாகக் கேட்பதில்லை. நம் திருவிழா மேடைகளிலும் இதுவே காட்சி.

1969 ஜனவரி 30 அன்று, இலண்டன் சாவில் ரோ தெருவில் தம் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் குழுவினர் முன்னறிவிப்பின்றி 42 நிமிடம் இசைத்தார்கள். காவலர் வந்து நிறுத்தும்வரை பாட்டு நீடித்தது. தெருவில் நின்றோரில் பெரும்பாலோர்க்குப் பாடுகிறவர்கள் கண்ணில் படவில்லை. மேலேயிருந்து குளிர்காற்றில் பாட்டு மட்டும் இறங்கி வந்தது. உணவு இடைவேளைக்கு வெளியே வந்தவர்கள் தலையை உயர்த்தி, நின்று, கேட்டார்கள். அக்காட்சியைத் திரைப்படத்தில் காண்போர் அந்த முகங்களைக் கவனிக்க வேண்டும். அலறல் இல்லை. யார் பாடுகிறார் என்று ஒருவர் மற்றவரைக் கேட்கிறார், முதியவர் ஒருவர் முகம் மலர்கிறது, வேறொருவர் சினக்கிறார். 1963க்குப் பின் அவர்களுக்கு வாய்த்த நேர்மையான அவை அதுவே எனலாம்.

எனவே, தமக்கு விருப்பமான குழுவின் நிகழ்ச்சிக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். போகுமுன் அவர்களுடைய ஒரு பாட்டையேனும், ஒவ்வொரு கருவியும் என்ன செய்கிறது என்று தெரியும்வரை கேளுங்கள். அரங்கில் முதல் பாட்டுக்கேனும் கைப்பேசியைப் பையில் வையுங்கள். பின்னர் இசைஞரைச் சந்திக்க வாய்த்தால், இரண்டாம் சரணத்தில் அந்தக் குழலை ஏன் நிறுத்தினீர்கள் என்பதுபோல் ஒரு கேள்வி கேளுங்கள். தம் உழைப்பு ஒருவர் காதில் விழுந்திருக்கிறது என்று அறிவதைவிட இசைஞருக்கு வேறு வெகுமதி இல்லை.

லிஸ்ஸி, கேய்லின் இருவரும் பாடிய அந்தப் பதிவு 1969 டிசம்பரில் வனவிலங்குப் பாதுகாப்பு நிதிக்கான தொகுப்பில் வெளிவந்தது. 1970இல் வந்த 'லெட் இட் பி' தட்டில் அவர்கள் குரல்கள் இடம்பெறவில்லை. 1988இல் வெளிவந்த 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பில் மீண்டும் கிடைத்தன. லிஸ்ஸி பிராவோ 2021இல் மறைந்தார். பல்லவி வரும் இடத்தில், லெனனின் குரலுக்கு மேலே, சற்றே தயக்கத்தோடு இரண்டு இளங்குரல்கள் எழுகின்றன. கேட்டுப் பாருங்கள்.